பக்கத்தைத் திருப்பாதீர்கள்

தலைவனின் பரத்தைமையும் தலைவியின் ஊடலும் வரும் மருதத் திணையை வகுப்பில் எப்படி நடத்துவது என்று சென்ற மாதம் ஒருவர் கேட்டிருந்தார். நான்கு வரியில் பதில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசை கொள்ளவில்லை. மாணவர், ஆசிரியர், பெற்றோர் என்று எல்லாருக்கும் சொல்ல ஏதோ இருந்திருக்கிறது. ஆகவே இந்த இதழ் முழுவதும் அதற்கே. மற்றக் கேள்விகள் அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும்.

*

பி.ஏ. தமிழ் முதலாண்டு மாணவி, திருவாரூர்: குறுந்தொகையில் பரத்தை பேசுகிற பாட்டு வந்தால், "இதை நீங்களே படிச்சுக்குங்க, பரீட்சைக்கு வராது" என்று எங்கள் ஐயா பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். நாங்கள் என்ன செய்வது?

நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்றாரே, அதைக் கட்டாயம் செய்யுங்கள். பக்கத்தைத் திருப்பியதுதான் எனக்கு வருத்தம். ஏனென்றால் அதுவும் ஒரு பாடம். "இங்கே ஏதோ அசிங்கம் இருக்கிறது, பெண்பிள்ளைகள் காதில் விழக்கூடாது" என்று ஒரு சொல்லும் பேசாமலே நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. 1937இல் குறுந்தொகையை உரையோடு பதிப்பித்த உ.வே.சா., தலைவி கூற்றுக்கு எவ்வளவு பொறுமையாக விளக்கம் எழுதினாரோ அவ்வளவு பொறுமையாகப் பரத்தை கூற்றுக்கும் எழுதினார். அவருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

எட்டாம் பாட்டை எடுங்கள். ஆலங்குடி வங்கனார் பாடியது. தலைவனின் மனைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்ட பரத்தை பேசுகிறாள்: எங்கள் இடத்தில் பெரிய பேச்செல்லாம் பேசுவான், தன் வீட்டுக்குப் போனால் பிள்ளையைப் பெற்றவள் சொன்னபடி கண்ணாடிப் பிம்பம் மாதிரி கையும் காலும் தூக்குவான். பாட்டின் பொருள் இவ்வளவுதான். உடம்பைப் பற்றி ஒரு சொல் உண்டா? இரண்டு பெண்களுக்கு நடுவே நின்று இரண்டு இடத்திலும் வேறு வேறு ஆளாக நடிக்கும் ஒருவனை, அவனால் இழப்புக்கு ஆளான ஒருத்தி அளந்து வைத்திருக்கிறாள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்தக் குரலைக் கேட்காமல் டிகிரி வாங்குவது நஷ்டம்.

ஐயாவிடம் சண்டை வேண்டாம். அவர் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்: "ஐயா, வயல் ஓரத்து மாமரத்திலிருந்து தானாக விழுகிற பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வுகிறதே, அந்த மீன் யார்?" தமிழ் படித்த எந்த ஆசிரியரும் இந்தக் கேள்விக்குப் பக்கத்தைத் திருப்பமாட்டார்.

*

மாணவி ஒருத்தியின் தந்தை, கரூர்: தமிழ் படித்தால் ஒழுக்கம் வரும் என்று நம்பி மகளைக் கல்லூரியில் சேர்த்தேன். பரத்தை, கள்ளத்தொடர்பு என்று பாடத்தில் இருக்கிறதாம். இது தேவையா?

ஐயா, கோவலன் கண்ணகி கதையை உங்கள் மகள் கல்லூரியிலா முதலில் கேட்டாள்? பாட்டியிடமோ, தெருக்கூத்திலோ, தொலைக்காட்சியிலோ சின்ன வயதிலேயே கேட்டிருப்பாள். கட்டிய மனைவியை விட்டு வேறொருத்தி வீட்டில் இருந்துவிட்டுக் கைப்பொருள் தீர்ந்து திரும்பியவன் கதை அது. அதைத்தான் நம் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்லி வளர்க்கிறோம். கல்லூரி புதிதாக எதையும் நுழைக்கவில்லை. நீங்கள் சொன்ன கதையைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்கச் சொல்கிறது.

நிறுத்திப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு ஓர் இடம் சொல்கிறேன். கோவலன் வீடு திரும்பித் தன் வறுமையைச் சொல்லி வெட்கப்படுகிறான். கண்ணகி சிரித்த முகத்தோடு, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். மாதவிக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல்தான் வந்து நிற்கிறான் என்று அவள் நினைத்ததாக உரையாசிரியர்கள் சொல்கிறார்கள். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்ட சிரிப்பு? இதை ஒரு மணி நேரம் பேசிய வகுப்பில் உட்கார்ந்த பெண், தன் வாழ்க்கையில் யாராவது சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுக்கும்போது கவனிப்பாள். நீங்கள் கேட்ட ஒழுக்கம் அதுவும்தானே.

*

கௌரவ விரிவுரையாளர், தஞ்சாவூர் மாவட்டம்: வயது 27. மருதம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் சிரிக்கிறார்கள், பெண்கள் தலை குனிந்துகொள்கிறார்கள், எனக்கு வியர்க்கிறது. எப்படி நடத்துவது?

தம்பி, சிரிப்பைக் குற்றமாக எடுக்காதீர்கள். பத்தொன்பது வயதில் வெட்கம் வேறு வழி தெரியாமல் சிரிப்பாக வெளியே வருகிறது. அதட்டினால் அவர்கள் ஜெயித்ததாக ஆகும். நீங்களும் சேர்ந்து சிரித்தாலோ, தலை குனிந்த பெண்கள் அதற்குப் பிறகு நிமிரவே மாட்டார்கள்.

பொருளிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், கூற்றிலிருந்து ஆரம்பியுங்கள். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், யார் காதில் விழவேண்டும் என்று பேசுகிறார்? மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டால் வகுப்பு கதைக்குள் வந்துவிடும். மருதத்தில் பாதி நாடகம் வாசலில்தான் நடக்கிறது. தலைவன் வெளியே நிற்கிறான், பாணன் தூது வருகிறான், தோழி கதவை மறித்துக்கொண்டு பதில் சொல்கிறாள். வாயில் மறுத்தல் என்று அதற்கு ஒரு துறையே இருக்கிறது. சிரித்த பையனைக் கூப்பிட்டு, "நீ பாணன். உள்ளே விடச் சொல்லிக் கேள், பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அவன் வாயில் வருகிற ஒவ்வொரு சமாதானத்தையும் வகுப்பே பிடித்து உலுக்கும். நான் இதை எத்தனையோ ஆண்டு செய்திருக்கிறேன். சிரித்தவர்கள்தான் கடைசியில் அதிகம் யோசித்தார்கள்.

அடுத்து உள்ளுறை, அதாவது வருணனைக்குள் ஒளித்துவைத்த பொருள். அகநானூற்றின் 46ஆம் பாட்டு, அள்ளூர் நன்முல்லையார் என்ற பெண் பாடியது. தொழுவத்துச் சேற்றில் நிற்கப் பிடிக்காத எருமை ராத்திரியில் கயிற்றை அறுத்துக்கொள்கிறது. முள்வேலியைக் கொம்பால் தள்ளிவிட்டுக் குளத்தில் இறங்குகிறது. மீன்கள் வெருண்டு ஓட, வள்ளைக்கொடியைக் கலக்கி, வண்டு மொய்க்கும் தாமரையை மேய்கிறது. ஊரைப் பற்றிய வருணனை மாதிரி ஆரம்பித்து, இப்படிப்பட்ட ஊர்க்காரனே என்று தோழி அவனைக் கூப்பிடுகிறாள். இப்போது பிள்ளைகளிடம் கேளுங்கள். கயிறு எது? முள்வேலி யார்? வெருண்டு ஓடிய மீன்கள் யார்? தன் வீட்டைச் சேறு என்று நினைத்தது யார்? டெல்டாப் பிள்ளைகளுக்கு எருமையையும் குளத்தையும் விளக்க வேண்டியதில்லை, அவர்களே உங்களுக்கு விளக்குவார்கள். கட்டில் வரை போகாமலே துரோகத்தின் முழு வரைபடமும் கரும்பலகையில் வந்திருக்கும். அதன்பிறகு ஐங்குறுநூற்றுக்குப் போங்கள். ஓரம்போகியார் மருதத்துக்கென்றே நூறு பாட்டுப் பாடியிருக்கிறார். நண்டுக்கு ஒரு பத்து, எருமைக்கு ஒரு பத்து. நெற்கதிரை வெட்டிக்கொண்டு வளைக்குள் போகும் நண்டைப் பார்த்ததும் யார் என்று வகுப்பே சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை. தலைவி கூற்றை வாசிக்கச் சொல்லி ஒரு பெண்ணை எழுப்பிவிடாதீர்கள். முதல் ஆண்டிலேயே நான் செய்த தவறு அது. ஒரு பெண் நடுங்கிக்கொண்டே வாசித்தாள். அன்று மாலையிலிருந்து அந்தப் பாட்டின் சொல்லையே அவளுக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். பருவம் முடியும்வரை அவள் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு தலைவி கூற்றைப் பையன்களையே வாசிக்கச் சொன்னேன். தலைவியின் வார்த்தையைத் தன் வாயால் சொல்லிப் பார்ப்பது அவர்களுக்கும் நல்லது.

அகத்திணையில் யாருடைய பெயரையும் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியர் விதித்திருக்கிறார் அல்லவா? அதை இலக்கண விதியாக மட்டும் நடத்திவிட்டுப் போகாதீர்கள், வகுப்பின் விதியாகவும் வையுங்கள். தலைவனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். தெரு, ஊர், நடிகை, பக்கத்து டிபார்ட்மென்ட், யார் பெயரும் வாயில் வரக்கூடாது. இந்த ஒரு விதியை முதல் நாளே சொல்லிவிட்டால் வியர்வை நின்றுவிடும்.

*

பிளஸ் டூ முடித்தவர், விருதுநகர்: இலக்கியத்துக்கும் ஆபாசத்துக்கும் வித்தியாசம் என்ன? சுருக்கமாக.

படித்து முடித்த பிறகு அந்த மனிதர்கள் நினைவில் இருந்தால் இலக்கியம். மற்றதில் நினைவு வைத்துக்கொள்ள மனிதர்களே இருக்கமாட்டார்கள்.

*

வாசகர், நாகர்கோவில்: இப்படியெல்லாம் எழுதுகிறவர்கள் அப்படி வாழ்ந்தவர்களாகத்தானே இருக்கவேண்டும்?

கொலைக்கதை எழுதினவரிடம் கத்தி எங்கே என்று கேட்பீர்களா? குறுந்தொகையில் பரத்தையின் வாயாக நின்று ஔவையார் பாடியிருக்கிறார். அவர் பரத்தையா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்தவர் மனத்துக்குள் போய் நிற்கத் தெரிந்தவர் என்றுதான் தமிழ் அவரைக் கொண்டாடியது.

*

பள்ளி ஆசிரியை, புதுக்கோட்டை: திருக்குறளிலேயே காமத்துப்பால் இருக்கிறது. அதைச் சொல்லித்தர ஏன் இவ்வளவு தயக்கம்?

பழைய தயக்கம். குறளை லத்தீனில் மொழிபெயர்த்த வீரமாமுனிவர் அறமும் பொருளும் போதும் என்று நிறுத்திக்கொண்டார். துறவி, அவருக்கு அது பொருந்தும். 1886இல் ஜி.யு. போப் ஆங்கிலத்தில் 1330 குறளையும் கொண்டுவந்தார், அவரும் பாதிரியார்தான். ஆக, துறவையும் மதத்தையும் காட்டி நாம் தப்ப முடியாது.

25 அதிகாரம், 250 குறள். அவற்றில் உடம்பைவிட மனம்தான் அதிகம். ஒருவன் தும்முகிறான். மனைவி வாழ்த்துகிறாள். உடனே, எவள் நினைத்ததால் தும்மினாய் என்று அழுகிறாள். புலவி நுணுக்கத்தில் இருக்கிறது. சந்தேகம் எவ்வளவு சின்ன வாசலில் நுழையும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? கல்லூரியில் இதோடு நிறுத்தாமல் பதினைந்தாம் அதிகாரத்தையும் சேர்த்து வையுங்கள். பிறனில் விழையாமை முழுவதும் ஆண்களைப் பார்த்துச் சொன்னது. துணைக்குத் துரோகம் செய்வதைப் பற்றி எச்சரிக்க வேண்டும் என்று வந்தபோது வள்ளுவர் யாரைப் பார்த்து விரல் நீட்டினார் என்பது மாணவர்களுக்குத் தெரியட்டும்.

*

எம்.ஏ. ஆங்கில இலக்கியம், திருச்சி: எங்கள் பாடத்தில் வரும் நாவல்களில் கணவனை ஏமாற்றும் பெண்கள் எல்லாரும் செத்துப்போகிறார்கள். எழுதியவர்கள் தண்டனை கொடுக்கிறார்களா?

நல்ல கேள்வி, மகளே. ஆனால் எதனால் சாகிறார்கள் என்று கணக்குப் பார்க்க வேண்டும். வகுப்பில் அதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

ஃபிளாபேரின் எம்மா போவாரி ஆர்சனிக் தின்று சாகிறாள். ஏன்? காதல் தோற்றதால் என்று நோட்ஸில் இருக்கும். நாவலைத் திறந்து பாருங்கள். லெரூ என்ற வியாபாரியிடம் கடனுக்கு மேல் கடனாகத் துணியும் சாமானும் வாங்கி, பத்திரத்துக்கு மேல் பத்திரம் எழுதிக்கொடுத்து, ஜப்தி வந்துவிடுகிறது. பழைய காதலர்களிடம் பணம் கேட்கிறாள், இருவரும் கை விரிக்கிறார்கள். அன்றுதான் விஷம். அந்தக் கதை கடனால் முடிகிறது. நம் ஊரில் தவணைக்காரர் வாசலில் நிற்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும்.

இந்த நாவலுக்காக 1857இல் பாரிஸில் ஃபிளாபேர் மீது ஒழுக்கக்கேடு என்று வழக்குப் போட்டார்கள். விடுதலையானார். அதே ஆண்டு, அதே அரசு வக்கீல் பினார், போதலேரின் கவிதைகள் மேல் வழக்குத் தொடுத்து ஆறு கவிதைகளைத் தடைசெய்ய வைத்தார். ஃபிளாபேரின் நாவலில் பத்திரிகைக்காரர்களே பயந்து வெட்டிய காட்சி எது தெரியுமா? திரை மூடிய ஒரு குதிரைவண்டி ரூவான் நகரத்தைச் சுற்றிச்சுற்றி ஓடுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு சொல் இல்லை. ஒரு கை வெளியே நீண்டு கிழித்த காகிதத்தைப் போடுகிறது. அவ்வளவுதான். நமது எருமையும் வாளைமீனும் செய்கிற வேலையை அங்கே ஒரு வண்டி செய்கிறது.

அன்னா கரேனினாவில் தொடக்கத்தைத் தவறவிடாதீர்கள். அன்னாவின் அண்ணன் ஸ்டீவா, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்த பிரெஞ்சுப் பெண்ணோடு தொடர்பு வைத்துப் பிடிபட்டிருக்கிறான். வீடே கலைந்து கிடக்கிறது. அவன் மனைவியைச் சமாதானம் செய்யத்தான் அன்னா மாஸ்கோவுக்கு ரயிலில் வருகிறாள். அவன் மன்னிக்கப்படுகிறான், நல்ல விருந்து சாப்பிடுகிறான், உத்தியோகம் பார்க்கிறான், நாவல் முடிகிறவரை அப்படியே இருக்கிறான். அதே தவறைத் தங்கை செய்ததும் வீட்டுக்கதவுகள் மூடுகின்றன, மகனைப் பார்க்க ஒளிந்து போகவேண்டியிருக்கிறது, கடைசியில் தண்டவாளம். ஒரே குடும்பம், ஒரே குற்றம், இரண்டு தராசு. தண்டித்தது டால்ஸ்டாயா, அந்தச் சமூகமா என்று நூறு ஆண்டுக்கு மேலாக வாதம் நடக்கிறது; ஆனால் தராசு இரண்டு என்பதை முதல் அத்தியாயத்திலேயே வைத்தவர் அவர்தான். என் கட்சி, அவர் அன்னாவை வெறுக்கவில்லை.

ஒத்தெல்லோவை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். டெஸ்டிமோனா எந்தத் தவறும் செய்யவில்லை, சந்தேகம் மட்டும்தான். ஒரு கைக்குட்டையை வைத்துக் கொலை வரை போகிறது. அதைப் படித்த கையோடு சிலப்பதிகாரத்தின் கானல்வரியைப் படித்துப் பாருங்கள். மனைவியை விட்டுவிட்டு வந்தவன் கோவலன்; கடற்கரையில் மாதவி வேறு யாரையோ நினைத்துப் பாடுவது போலப் பாடினாள் என்று அவனுக்குத்தான் சந்தேகம் வருகிறது! அங்கே கைக்குட்டை, இங்கே ஒரு பாட்டு.

எல்லாரும் சாவதில்லை என்பதற்குத் தமிழிலேயே ஒருத்தி இருக்கிறாள். தி. ஜானகிராமனின் "அம்மா வந்தாள்", 1966. அலங்காரத்தம்மாள் கணவன் இருக்கும்போதே சிவசுவோடு வாழ்ந்தவள். அந்தப் பாவத்தைக் கழுவத் தன் மகன் அப்புவை வேதபாடசாலைக்கு அனுப்பினாள். அவன் அங்கே விதவையான இந்துவின் அன்பில் நிற்கிறான் என்று தெரிந்ததும், தன் பாவத்தைத் தானே கரைத்துக்கொள்ளக் காசிக்குப் புறப்படுகிறாள். ரயிலில் ஏறுகிறாள், ரயிலின் கீழே விழவில்லை. அவளை ஜானகிராமன் தண்டிக்கவும் இல்லை, நியாயப்படுத்தவும் இல்லை. அந்த அம்மாவை எப்படிப் பார்ப்பது என்று அப்புவுக்குத் தெரியாத அளவுக்கு நமக்கும் தெரியவில்லை. பருவத் தேர்வுக்கு இதைவிட நல்ல கட்டுரைத் தலைப்பு எனக்குத் தெரியாது: அன்னாவின் ரயிலும் அலங்காரத்தம்மாளின் ரயிலும்.

*

சட்டக்கல்லூரி மாணவர், மதுரை: 497ஆம் பிரிவு போய்விட்ட பிறகு இந்தக் கதைகளுக்கு என்ன மதிப்பு?

போவதற்கு முன்பு அந்தப் பிரிவு என்ன சொன்னது என்று இந்தக் கதைகளை வைத்தே சொல்லிவிடலாம். 1860ஆம் ஆண்டுச் சட்டம். இன்னொருவன் மனைவியோடு, அந்தக் கணவனின் சம்மதம் இல்லாமல் சேர்ந்த ஆண்தான் குற்றவாளி. கணவன் சம்மதித்துவிட்டால் குற்றமே இல்லை. மனைவிக்குத் தண்டனை கிடையாது, புகார் கொடுக்கும் உரிமையும் கிடையாது.

கோவலனை இதில் நிறுத்திப் பாருங்கள். மாதவி வேறொருவன் மனைவி அல்ல, ஆகவே அவன் மேல் குற்றம் இல்லை. கண்ணகி எந்தக் காவல்நிலையத்துக்கும் போயிருக்க முடியாது. இந்திரனை நிறுத்துங்கள். கௌதமர் புகார் கொடுத்தால் குற்றவாளி. அகலிகைக்குத் தண்டனை இல்லை. ஆனால் புராணம் என்ன செய்தது? கம்பன் சொல்கிறபடி இந்திரனுக்கு ஆயிரம் அடையாளம் சாபமாக வந்தது. தேவர்கள் கேட்டுக்கொண்டதும் அது ஆயிரம் கண்ணாக மாறியது. அவனுக்காக மன்றாட ஆள் இருந்தது. அகலிகை கல்லாகக் காத்துக் கிடந்தாள்.

புதுமைப்பித்தன் 1943இல் "சாபவிமோசனம்" எழுதினார். ராமனால் மீண்ட அகலிகை, அதே ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் மறுபடி கல்லாகிவிடுகிறாள். 2018 செப்டம்பர் 27 அன்று ஐந்து நீதிபதிகள் 497ஐ நீக்கியபோது, மனைவி கணவனின் சொத்து அல்ல என்பதுதான் வாதத்தின் உயிர். புதுமைப்பித்தன் எழுதி 75 ஆண்டு கழித்து. இப்போதும் அது விவாகரத்துக்குக் காரணமாக நிற்கிறது, நாளை உங்களிடம் வழக்காகவே வரும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் அகலிகையா, அலங்காரத்தம்மாளா, எம்மாவா என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

*

பி.எஸ்ஸி. மாணவர், திருநெல்வேலி: "பொன்னகரம்" அம்மாளு செய்தது துரோகமா?

கணவன் அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால்கஞ்சி வேண்டும், கையில் காசில்லை. சந்தில் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். அவனுக்காகவே செய்ததை அவனுக்குச் செய்த துரோகம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. கற்பைப் பற்றி அந்தக் கதையின் கடைசி வரி நம்மை அறைகிறது. அதோடு எல்லா வகுப்பும் முடிந்துவிடுகிறது. நான் இன்னொன்று கேட்பேன். அம்மாளு என்ன நினைத்தாள்? புதுமைப்பித்தன் சொல்லவே இல்லை. பரத்தைக்குக்கூடப் பேச்சுக் கொடுத்த மொழியில் இவளுக்கு ஏன் பேச்சில்லை?

*

உதவிப் பேராசிரியர், கோயம்புத்தூர்: ஜெயகாந்தனின் "அக்கினிப் பிரவேசம்" நடத்தினேன். "கார்ல ஏறினது அவதானே" என்றான் ஒரு மாணவன். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது.

முதலில் அந்தக் கதையைத் துணை துரோகக் கதைகளோடு ஒரே யூனிட்டில் கட்டாதீர்கள். அந்தப் பெண் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. மழை, பேருந்து நிறுத்தம், கார், மறுக்கத் தெரியாத ஒரு சின்னப் பெண், என்ன செய்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்த ஓர் ஆண். இதில் சம்மதம் எங்கே இருக்கிறது என்று பக்கம் பக்கமாகத் தேடச் சொல்லுங்கள். அந்த மாணவனே தேடட்டும். ஏறியது மழைக்காக, அதற்கு மேல் எதற்கு அவள் சரி என்றாள், எந்த வரியில்? அவனால் காட்ட முடியாது.

தாய் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிற முடிவு 1966இல் எவ்வளவு பேரைக் கொந்தளிக்க வைத்தது! பிறகு ஜெயகாந்தனே, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று "சில நேரங்களில் சில மனிதர்கள்" எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் வாதம் தானாகவே மாணவனின் கேள்வியைவிட்டு நகரும்: பெண்ணின் வாழ்க்கையை மாற்றியது காரா, தாயின் வாயா?

இன்னொன்று. அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அப்படி ஒன்று நடந்த பிள்ளை இருக்கக்கூடும். முந்தைய நாளே, நாளைக்கு இந்தக் கதை, இதில் இப்படி ஒரு சம்பவம் வருகிறது என்று சொல்லிவிடுங்கள். வராதவரிடம் காரணம் கேட்காதீர்கள்.

*

பேராசிரியை, பெயர் வேண்டாம்: நான் நடத்தியதைச் செல்போனில் பதிவுசெய்து, இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். பெற்றோர் மனுக் கொடுக்கப் போகிறார்களாம். இனிமேல் இலக்கணம் மட்டும் நடத்தலாம் என்றிருக்கிறேன்.

வேண்டாம் அம்மா. நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ராமாயணக் கதைவடிவங்களைப் பற்றி ஏ.கே. ராமானுஜன் எழுதிய கட்டுரையை 2011இல் டெல்லிப் பல்கலைக்கழகம் பாடத்திலிருந்து எடுத்தது. வால்மீகியின் அகலிகையையும் கம்பனின் அகலிகையையும் அருகருகே வைத்துப் பார்க்கிற கட்டுரை அது. 2010இல் வந்த "மாதொருபாகன்" நாவலுக்கு என்ன நடந்தது என்று சொல்லவேண்டியதில்லை. எழுதியவரும் உங்களைப் போலத் தமிழ்ப் பேராசிரியர்தான். தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அவர் அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம், பிடிக்காத புத்தகத்தை மூடிவைக்கலாம் என்கிற பொருளில் தீர்ப்பெழுதி அவரை மறுபடி எழுதச் சொன்னது. பிள்ளை இல்லாத மனைவி திருவிழா இரவில் போவதைத் துரோகம் என்று எடுத்துக்கொண்டவர்கள், அந்தத் தம்பதி காளியும் பொன்னாவும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த ஆசையைப் படிக்கவே இல்லை. வெட்டிய பக்கங்களைத்தான் படித்தார்கள். உங்களுக்கு வெட்டிய இரண்டு நிமிடம்.

இப்போது செய்யவேண்டியது: அந்த வகுப்பில் எந்தப் பாட்டு, பாடத்திட்டக் குழு ஒப்புதல் அளித்த எந்தப் பகுதி, எந்த உரையை வைத்து நடத்தினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதித் துறைத்தலைவரிடம் இன்றே கொடுங்கள், மனு வருவதற்கு முன்னால். பெற்றோர் வந்தால் வரட்டும், உட்காரவைத்து அந்த ஒரு மணி நேரத்தையும் முழுதாக நடத்திக் காட்டுங்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்தேன். கோபமாக வந்த ஒரு தாய், தோழி கதவை மறிக்கும் இடத்தில், "நல்லாத்தான் கேட்டிருக்கா" என்றார்.

*

இரண்டாமாண்டு மாணவி, ஊரும் பெயரும் வேண்டாம்: என் அப்பாவுக்கு இரண்டு குடும்பம். நாங்கள் இரண்டாவது. சிலப்பதிகார வகுப்பில் மாதவியைப் பற்றி எல்லாரும் பேசும்போது என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போனாலும் ஏன் என்று கேட்பார்கள்.

மகளே, உன் கடிதத்தை மூன்று நாளாக வைத்திருக்கிறேன்.

வகுப்பில் யார் பெயரையும் சொல்லக்கூடாது என்று மேலே ஒரு தம்பிக்கு எழுதியிருக்கிறேனே, அது உன்னை நினைத்தும்தான். உன் வீட்டுக் கதையை நீ யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. முடியாத அன்று தலைவலி என்று எழுந்து போ. அது பொய்யும் இல்லை.

மாதவியை வகுப்பு எப்படிப் பேசினாலும் இளங்கோ அப்படிப் பேசவில்லை. அவள் அனுப்பிய இரண்டாவது கடிதத்தைக் கோசிகன் கொண்டுவந்து கொடுக்கும்போதுதான், தவறு அவளுடையது அல்ல, தன்னுடையது என்று கோவலனுக்குப் புரிகிறது. அந்த இடம் புறஞ்சேரி இறுத்த காதையில் இருக்கிறது. பாடத்தில் இல்லாவிட்டாலும் நூலகத்தில் எடுத்துப் படி.

பிறகு மணிமேகலையை எடு. அது உன் காப்பியம், அந்த வீட்டில் பிறந்த பெண்ணின் கதை. இந்திர விழாவுக்கு மாதவியும் மகளும் ஆட வரவில்லை என்று ஊர் பேசுகிறது. அப்பாவுக்கு நடந்ததைக் கேட்டு மணிமேகலை அழுகிறாள், தொடுத்துக்கொண்டிருந்த மாலையில் கண்ணீர் விழுகிறது. மாதவி அவளைத் திட்டவில்லை, கதையையும் மறைக்கவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, இந்த மாலை இனி ஆகாது, புதுப்பூ பறித்து வா என்று அனுப்புகிறாள். அதற்கு முந்தைய காதையில், ஊர்ப்பேச்சோடு வந்த வசந்தமாலையிடம் அதே மாதவி தன் மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறாள். என் மகள் என்று சொல்லவில்லை. கண்ணகியின் மகள் என்கிறாள்.